சிவமாதலும் ஆங்கில வழக்கும்

ஆங்கிலத்தில் ‘இஸ்’ என்னுஞ் சிறுசொல் மூன்று பொருள்களைச் சுட்டும். கடவுள் உண்டு என்னும் உண்மையும், பால் இனிது என்னும் குணகுணித் தொடர்பும், பரிதியாவது ஞாயிறே என்னும் ஒருபொருண்மையும் அச்சொல் ஒன்றானே கூறப்படும். தமிழோ ‘உண்டு’ என்றும், ‘இனிது’ எனக் குறிப்புமுற்றானும், ‘ஆகும்’ என்றும் பொருள்நோக்கி வேறுபடுத்துரைக்கும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நில்லாது. சிவஞானபோதத்தை ஹோய்சிங்டன் 1854இலும், திரு. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1895இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். ஆங்கிலவழிச் சித்தாந்தம் பயில்வார், ‘உயிர் சிவமாகும்’ என்பதை அச்சிறுசொல்லாற் காணின், இரண்டும் ஒருபொருளே என மயங்குவர். அஃது ஏகான்மவாதமாய் முடியும். மெய்கண்டார் கொண்ட அத்துவிதமோ, பொருள் ஒன்றென்பதன்று; இரண்டும் பிரிவின்றி நிற்றலேயாம்.

சிவகாசிக் கம்பிமத்தாப்பை நோக்குக. மருந்து எரியுங்கால் கம்பி தழல்போற் சிவக்கும். ‘கம்பி நெருப்பாயிற்று’ என்பர். ஆயினும் கம்பி நெருப்பின் தன்மையைப் பெற்றதன்றித் தன்னுண்மை இழந்ததில்லை; ஆறியபின் இரும்பாகவே எஞ்சும். சிவமாதலினும் உயிர் கெடுவதில்லை. ஆறுதல் ஒன்றே உவமைக்குப் புறம்பு. முத்தியுயிர்க்கு மீட்சியின்மையின் என்க.

ஆகலின், மொழிபெயர்ப்போர் ‘சிவமாதல்’ என்பதனை, ‘சிவத்தன்மை பெற்றுச் சிவத்தோடு பிரிவற நிற்றல்’ என விரித்தெழுதுக. தொடர் நீளினும் பொருள் வழுவாது.