பரிந்துரைக் கடிதத்தில் பெண்

பரிந்துரைக் கடிதத்தையும் நான் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியப் பணிக்காக எழுதப்பட்ட 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை பிரான்சஸ் டிரிக்ஸும் கரோலின் சென்காவும் ஆராய்ந்து, 2003இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சுருக்கமானவை. ஐயம் கிளப்பும் வரிகள் அவற்றில் அதிகம். ஆணுக்கு ‘அவரது ஆராய்ச்சி’. பெண்ணுக்கு ‘அவரது கற்பித்தல்’. இவை வேலை கிடைத்தவர்களுக்கான கடிதங்கள் என்பதுதான் உறுத்துகிறது.

‘அடக்கமானவர், பொறுமைசாலி’ என்று நமக்கு எழுதித் தரப்படுவதும் இந்த வகைதான். அது நன்னடத்தைச் சான்றிதழ். திறமைக்குச் சாட்சி அல்ல. எனவே, பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாமல், உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம் கேளுங்கள். செய்து முடித்தவற்றைப் பட்டியலிட்டுக் கொடுங்கள். குணத்தை விட்டு, வேலையை எழுதச் சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது.