தலவரலாறும் சமூக வரலாறும்: மட்டக்களப்பு வாவிக்கரைக் கோயில் வரலாறுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

1

மட்டக்களப்பு வாவியின் கீழைக்கரையை எழுவான்கரை என்றும் மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது மரபு. எழுவான்கரையில், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள களுவாஞ்சிக்குடியை மையமாகக் கொண்டு நோக்கின், இப்பிரதேசத்தின் முதன்மையான வழிபாட்டுத் தலங்கள் பல ஒரு நாட் பயண எல்லைக்குள் அடங்குவதைக் காணலாம். வடக்கே களுதாவளைச் சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலும் செட்டிபாளையம் கண்ணகியம்மன் கோயிலும் உள்ளன. குருமண்வெளித் துறைக்கு எதிர்க்கரையில் மண்டூர் முருகன் கோயிலும், வடமேற்கே வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலும் உள்ளன. கரையோரமாக மேலும் தெற்கே செல்வோர் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலை அடைவர். வாவியைக் கடப்பதற்கு ஓடத்தையே நம்பியிருந்த காலம் நெடியது. மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இலேயே ஆகும்.

இக்கோயில்களைத் தரிசிக்கச் செல்வோர் அவற்றின் வரலாற்றை அறிய விரும்பின் கைக்கு எட்டுவன கும்பாபிஷேக மலர்களும், திருவிழாக் காலத்துச் சிறுநூல்களும், கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்ட தலவரலாற்றுச் சுருக்கங்களுமே. பல்கலைக்கழக ஆய்வுநூல்களை வாசிப்போரிலும் இவற்றை வாசிப்போர் தொகையிற் பன்மடங்கினர். ஒரு பிரதேசத்து மக்கள் தம்மைப்பற்றிக் கொண்டுள்ள வரலாற்றுணர்வு பெருமளவுக்கு இவ்வெழுத்துக்களாலேயே உருவாகின்றது. எனவே இவற்றை ஓர் எழுத்து வகையாகக் கொண்டு மதிப்பிடுதல் அவசியமாகின்றது. தலவரலாறு எவற்றைக் கூறுகின்றது, எவற்றைக் கூறாது விடுகின்றது, அக்கூறுதலாலும் விடுதலாலும் நிலைநிறுத்தப்படுவது யாது என்பனவே எமது வினாக்கள்.

2

இத் தலவரலாறுகள் பெரும்பாலும் இரு நூல்களின் வழிவந்தவை. ஒன்று, ஏட்டுப் பிரதிகளிலிருந்து எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளியிட்ட ‘மட்டக்களப்பு மான்மியம்’. மற்றையது, மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’. இவ்விரு அறிஞர்களும் இல்லாதிருப்பின் இப்பிரதேசத்தின் ஏட்டு மரபிலும் வாய்மொழி மரபிலும் பெரும்பகுதி அழிந்திருக்கும். ஆயின் அவர்கள் தொகுத்தளித்த மூலத்தைப் பின்வந்தோர் கையாண்ட முறையே எமது விமரிசனத்துக்கு உரியது.

மான்மியம் ஒரு காலத்தில் ஒருவரால் ஆக்கப்பட்ட நூலன்று. அரச வமிசங்கள், குடியேற்றக் கதைகள், சாதிகளுக்கும் குடிகளுக்கும் உரிய கடமைகள், கோயில் முறைமைகள் ஆகியன வெவ்வேறு படைகளாக அதனுள் அமைந்துள்ளன. மலர்க் கட்டுரையாளர் இப்படைகளைப் பிரித்து நோக்காது, ஏட்டிற் கண்ட ஆண்டையும் அரசன் பெயரையும் அவ்வாறே எடுத்து ஆதாரமாகக் காட்டுகின்றனர்.

இங்கு ஒரு சொல்லைப்பற்றிக் குறிப்பிடுதல் வேண்டும். மட்டக்களப்பு வழக்கில் ‘கல்வெட்டு’ என்பது கல்லிற் பொறித்த சாசனத்தை மட்டும் குறிப்பதன்று. கோயில்களிற் குடிகளுக்குரிய உரிமைகளையும் வரிசைகளையும் கூறும் ஏட்டுப் பாடல்களும் இங்கு கல்வெட்டு எனப்படும். இதனை அறியாத வெளியூர் வாசகர், “கல்வெட்டுக் கூறுகின்றது” என மலரிற் படித்ததும் கற்சாசனம் ஒன்று உண்டெனக் கொள்வர். எழுதுவோர் இவ்வேறுபாட்டை விளக்காது விடுகின்றனர். ஒரு சொல்லின் இருபொருள் வரலாற்றுச் சான்றின் தரத்தையே மாற்றிவிடுகின்றது.

இவ்வேட்டுக் கல்வெட்டுக்களின் பயன் குறைவென்பது எமது கருத்தன்று. முதலில் யார் அழைக்கப்படுதல் வேண்டும், திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு உரியது என்பனவற்றை வரையறுக்கும் உரிமைப் பத்திரங்களாக அவை இயங்கின. ஓர் உரிமைப் பத்திரத்தை உரிமைப் பத்திரமாக வாசிக்கும்போதே அது வரலாற்றுக்கு உதவும்.

3

கொக்கட்டிச்சோலைத் தலக்கதையை எடுத்துக்கொள்வோம். திடகன் என்னும் வேடன் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது குருதி பெருகியதென்றும், அவ்விடத்தே இலிங்கம் வெளிப்பட்டதென்றும், கலிங்க நாட்டிலிருந்து வந்து மண்முனையை ஆண்ட உலகநாச்சி அங்கு கோயில் எடுப்பித்தாள் என்றும் அக்கதை கூறும். வெட்டுண்ட இடத்திற் குருதி பெருகுதல் தமிழகத் தலபுராணங்கள் பலவற்றிலும் காணப்படும் பொதுக்கூறாகும். இப்பிரதேசத்துக்குச் சிறப்பாக உரியவை வேடனும் கலிங்கத்து இளவரசியுமே.

உலகநாச்சி பற்றிய மான்மியக் கதையில் அவள் கலிங்கத்திலிருந்து சிவலிங்கத்தோடு புத்தரின் தந்தத்தையும் கொண்டுவந்து, தந்தத்தை இலங்கை வேந்தன் மேகவண்ணனுக்கு அளித்து மண்முனையைப் பெறுகின்றாள். இது தாதாவமிசம் முதலான பௌத்த நூல்கள் கூறும் ஏமமாலையின் கதையே என்பது ஒப்புநோக்குவார்க்கு வெளிப்படை. ஏமமாலையும் கலிங்கத்து இளவரசியே. அவளும் தந்ததாதுவைக் கூந்தலில் மறைத்து, ஸ்ரீ மேகவண்ணன் காலத்தில் இலங்கைக்குக் கொணர்ந்தாள். மட்டக்களப்பு ஏட்டு மரபு இப்பௌத்தக் கதையைத் தனதாக்கி, தந்தத்தோடு இலிங்கத்தையும் சேர்த்துக்கொண்டது.

அண்மைக்கால மலர்கள் இலிங்கத்தைப் பேணித் தந்தத்தை நழுவவிடுவதே பெரும்பான்மை வழக்கு. இவ்விடுபாடு தற்செயலானதன்று. சைவத்தின் தொன்மையை நிறுவ முற்படும் எழுத்தாளருக்குப் பௌத்தக் கூறு இடையூறாகத் தோன்றுகின்றது. ஆயின் அக்கதையின் வரலாற்றுப் பெறுமதி அதிலேயே தங்கியுள்ளது. இரு சமய மரபுகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன, ஒன்றின் கதையை மற்றொன்று எடுத்தாண்டது என்பதற்கு அது சான்று பகர்கின்றது. சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என வழிபடும் தெய்வமும், செட்டிபாளையத்திலும் பிற ஊர்களிலும் வைகாசிச் சடங்கிற் குளிர்த்தி பெறும் கண்ணகியும் ஒரு மரபின் இரு கிளைகள் என்பதைக் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் விரிவாக ஆராய்கின்றது.

வேடனின் நிலையும் கருதத்தக்கது. தெய்வத்தைக் கண்டவன் வேடன். கோயில் எடுப்பித்தவள் அரசி. காட்டின் முதற் குடிகளது வழிபாட்டிடம் குடியேறிய வேளாண்மைச் சமூகத்தின் ஆட்சிக்குள் வந்தமையை இக்கதை நிலைமாற்றத்தின் வலியின்றிக் கூறுகின்றது. குருதி பெருகிய மரத்தைப் பத்தியோடு வருணிக்கும் மலர்கள், அவ்வேடரின் வழித்தோன்றல்கள் என்னவாயினர் என்ற வினாவை எழுப்புவதில்லை. போர்த்துக்கேயர் முன்னிலையிற் கல்நந்தி புல்லுண்டு கோயிலைக் காத்ததாக வழங்கும் கதையையும் இவ்வாறே நோக்கலாம். அது நிகழ்ச்சிப் பதிவன்று. திருக்கோவில் போன்ற கரையோரக் கோயில்கள் தகர்க்கப்பட்ட 17ஆம் நூற்றாண்டின் அச்சத்தை, தப்பிப் பிழைத்த உள்நாட்டுக் கோயிலொன்று நினைவிற்கொண்ட முறை அது.

4

மண்டூரில் வேறொரு சிக்கலைக் காண்கிறோம். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் இக்கோயிலிற் பூசை புரிபவர் கப்புகனார். அவர் வாயைத் துணியாற் கட்டி, மந்திரம் ஓதாது வழிபாடியற்றுவார். கப்புகன் என்னும் சொல் கதிர்காமத்துக் கப்புறாளையின் பெயரோடு உறவுடையது. ஆகம மரபுக்கு வெளியே நின்ற, ஈழத்துக்கே உரிய ஒரு வழிபாட்டு முறை இங்கு உயிரோடுள்ளது.

தலவரலாறு எழுதுவோருக்கு இது பெருமையையும் சங்கடத்தையும் ஒருங்கே தருகின்றது. மௌனமே மேலான மந்திரம் என உபநிடதக் கருத்தைக் கொண்டு விளக்க முற்படுவோர் உளர். ஆகம நெறியோடு எவ்வாறேனும் இயைபுபடுத்த முயல்வோரும் உளர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் கண்ணகி வழிபாட்டு எதிர்ப்பும் சைவ சீர்திருத்தமும் ஏற்படுத்திய தாக்கத்தால், கண்ணகி கோயில்கள் சில வேறு அம்மன் பெயர்களை ஏற்றன. மட்டக்களப்பில் அத்தாக்கம் குறைவு. எனினும் அங்கு கோயில்களாற் செய்யப்பட்ட மாற்றம் இங்கு எழுத்தாற் செய்யப்படுகின்றது. சடங்கு பழையவாறு நடைபெற, அதுபற்றிய விளக்கம் ஆகமமயமாகின்றது. கட்டாடியாரதும் கப்புகனாரதும் மரபறிவு ஆராயத்தக்க அறிவாக மதிக்கப்படாது, பிறிதொரு உயர்நெறியின் குறைவடிவமாகக் காட்டப்படுகின்றது.

கோயிலின் அதிகாரம் குடிகளுக்குரியது. குடி தாய்வழி வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடியாகும். இத் தாய்வழி அமைப்பின் சொத்துரிமைக் கூறுகள் முக்குவர் சட்டம் எனப் பெயர்பெற்றிருந்து, 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின் வழக்கிழந்தன. கோயில் உரிமைகளில் மாத்திரம் தாய்வழி முறை நிலைத்தது. டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூல் இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவுகின்றது. மண்டூர்க் கோயிலையே ஆய்வுக்களமாகக் கொண்ட மார்க் விற்றேக்கரின் 1999ஆம் ஆண்டு நூலோ, கோயில் வரலாறுகள் கோயில் அதிகாரப் போட்டியின் ஒரு கூறாகவே இயங்குமாற்றைக் காட்டுகின்றது.

எனினும் தலவரலாறுகளிற் பெயர் பெறுவோர் யாவர்? வண்ணக்கர்மாரும் திருப்பணிச் சபையாரும் நன்கொடையாளருமே. குடியைக் கடத்திவரும் பெண்கள், கதையின் தொடக்கத்தில் உலகநாச்சியாக ஒருமுறை தோன்றிப் பின் மறைகின்றனர். வெள்ளை கட்டுவோரும் பறை முழக்குவோரும் ‘தொண்டு’ என்ற ஒற்றைச் சொல்லுள் அடங்குகின்றனர். அத்தொண்டு எக்காலத்தில் எவரால் விதிக்கப்பட்டது, அதனைச் செய்ய மறுத்தோர் இருந்தனரா, கோயிலின் எவ்வெல்லை வரை அவர்கள் செல்ல அனுமதிக்கப்பட்டனர் என்பன எழுதப்படுவதில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின்னர், கோயில் வரலாறு எழுதும் எவரும் இவ்வினாக்களைத் தவிர்க்கவியலாது என்பது எமது கருத்து.

5

இக்குறைபாடுகள் ஆய்வாளருக்கு மட்டும் உரிய கவலை எனக் கொள்ளலாகாது. கிழக்கில் தொல்லியல், நிலவுரிமையோடு பிணைந்த ஓர் அரசியலாகியுள்ளது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென ஒரு சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதற்குத் தலைமை தாங்கினார். தொடக்கத்தில் அதிற் தமிழரோ முசுலிம்களோ இடம்பெறவில்லை. அச்செயலணி இன்று இல்லை. ஆயின் அது எழுப்பிய அச்சம் நீங்கவில்லை. இதற்கு விடையாகத் தலவரலாறுகள் கோயிலின் தொன்மையை மேலும் சில நூற்றாண்டுகள் பின்தள்ளுகின்றன. எதிர்த்தரப்பின் முறையியலையே இது பின்பற்றுகின்றது. முந்தி வந்தவனுக்கே மண் உரியது என்னும் வாதத்தை ஏற்றுக்கொண்டபின், எஞ்சுவது ஆண்டுகளை ஏலம் கூறுவது மட்டுமே.

மாகோனின் கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1215இல் படையெடுத்துப் பொலநறுவையிலிருந்து ஆண்ட கலிங்க மாகனைச் சூளவமிசம் விகாரைகளை அழித்த கொடியோனாகக் காட்டும். மான்மியமோ அவனைக் கோயில்களுக்கு ஒழுங்கும் குடிகளுக்குக் கடமையும் வகுத்த காவலனாகப் போற்றும். ஒருவனே ஓர் ஏட்டில் அழிப்பவன், மற்றோர் ஏட்டிற் காப்பவன். தலவரலாறு இரண்டாவது ஏட்டை மட்டும் படிக்கின்றது. பாடநூல் முதலாவதை மட்டும் படிக்கின்றது. அவன் வகுத்ததாகக் கூறப்படும் ஒழுங்கு யாரை மேலேயும் யாரைக் கீழேயும் நிறுத்தியது என்ற வினா இரண்டிலும் இல்லை.

இவ்விரு வாசிப்புக்களுக்கும் புறம்பான சான்று கல்லிலேயே உண்டு. தம்பிலுவிற் சாசனம் ஸ்ரீ சங்கபோதி என்னும் விருது தாங்கிய விசயபாகு தேவரின் 10ஆம் ஆட்சியாண்டில் சிவஞான சங்கரர் கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடையைத் தமிழிற் கூறுகின்றது. சிங்கள அரசமரபின் விருதும் தமிழ் மொழியும் சைவக் கோயிலும் ஒரு கல்லிற் கூடியுள்ளன. அதே பிரதேசத்தில் தீகவாபியும் உள்ளது. இதனை ஒரு தரப்பின் வெற்றிக்கு அடையாளமாகக் கொள்வோர் அச்சாசனத்தைப் படித்தவராகார்.

6

ஐதீகங்களைப் பொய்யென ஒதுக்குதல் முற்போக்கு நோக்காகாது. அவை சமூக உறவுகளின் நினைவுகள். அவ்வாறே வாசிக்கப்படுதல் வேண்டும். அதேவேளை, அவற்றைச் சாசனத்துக்குச் சமமாக நிறுத்துதலும் ஏற்புடையதன்று.

கோயில் வரலாற்றின் மிக அண்மைய அத்தியாயம் இன்னும் எழுதப்படாதுள்ளது. 1978 நவம்பர் 23இன் சூறாவளி, 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலை ஆகியவற்றுக்கு மலர்களில் ஒரு வரி கிடைக்கின்றது. கொக்கட்டிச்சோலையை அண்டிய ஊர்களில் 1987 சனவரியிலும் 1991 யூனிலும் நிகழ்ந்த படுகொலைகளுக்கு அதுவும் அரிதே. கோயில் வீதிகளில் அடைக்கலம் புகுந்தோர் யாவர், திருவிழா தடைப்பட்ட ஆண்டுகள் எவை, திரும்பி வராத குடிகளின் பங்கை ஏற்றோர் யாவர் என்பவற்றை அறிந்தோர் இன்றும் வாழ்கின்றனர். உலகநாச்சியின் ஆண்டைத் தேடுவதினும் இவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல் எளிது, பயனும் பெரிது.

எனவே, இனி வெளிவரும் மலர் ஒவ்வொன்றும் மூன்று கடமைகளை ஏற்றல் வேண்டும். கற்சாசனம், ஏட்டுக் கல்வெட்டு, வாய்மொழி ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டுதல் ஒன்று. கோயிலின் உழைப்பைச் சுமந்தோரையும் உரிமையைக் கடத்திய பெண்களையும் பெயரோடு பதிதல் இரண்டாவது. உயிரோடுள்ளோர் நினைவை அவர்கள் உள்ளபோதே எழுதிவைத்தல் மூன்றாவது. அவ்வாறு எழுதப்படும் வரலாறு தொன்மையிற் சில நூற்றாண்டுகளை இழக்கலாம். அவற்றுக்கு ஈடாக, கோயிலுக்கு வரும் மக்கள் அனைவரும் தம்மைக் காணத்தக்க ஒரு வரலாறு கிடைக்கும். நிலத்தின்மீது ஒரு சமூகம் கொண்டுள்ள உரிமைக்கு, அங்கு வாழ்ந்தோரின் உழைப்பையும் துயரையும் ஒளிக்காது கூறும் வரலாற்றினும் உறுதியான சான்று வேறில்லை.