ஹேபிடட்: யாருடைய தோல்வி?

1986இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், குவாண்டம் லிங்க் என்ற தொலைபேசிவழிக் கணினிச் சேவையோடு சேர்ந்து 'ஹேபிடட்' என்ற விளையாட்டைச் சோதனைக்கு விட்டது. 1988இல் சோதனையோடேயே மூடிவிட்டார்கள். வியாபாரத்தின் சொல்லாடலில் இது தோல்வி. அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

ஒரு கமடோர் 64 கணினி, நொடிக்கு 300 பிட் வேகத்தில் ஊர்கிற மோடம். சாதனம் இவ்வளவுதான். அதற்குள் தெரு, வீடு, கடை, செய்தித்தாள் என்று ஓர் உலகம். திரையில் ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம்; அதற்கு 'அவதார்' என்று பெயர் வைத்தார்கள். நம்முடைய அவதாரம்தான். நம் புராணங்களில் இறங்கி வருகிறவன் உலகத்துக்குச் சொந்தக்காரன். இங்கே இறங்கி வந்தவர்கள் நிமிடக் கணக்கில் காசு கட்டியவர்கள். என் வாதமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஆட்டத்தை உருவாக்கியவர்களில் சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் இருவரும் 1990இல் ஒரு மாநாட்டுக்காக எழுதிய கட்டுரையை, ஆசிரியன் தன் மரணத்தைத் தானே பதிவுசெய்த பிரதியாக வாசிக்கலாம். வாரக்கணக்கில் உழைத்து ஒரு புதையல் வேட்டையை அமைக்கிறார்கள். ஒருத்தர் முதல் கால் மணி நேரத்திலேயே முக்கியத் துப்பைப் பிடித்து, சுமார் எட்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். இன்னொரு சமயம், ஓர் இயந்திரம் 75 டோக்கனுக்கு விற்ற பொம்மையை ஊரின் வேறொரு பக்கத்தில் அடகு இயந்திரம் 100 டோக்கனுக்கு வாங்கிக்கொண்டிருந்தது. சிலர் ராத்திரி பூராவும் வாங்கினார்கள், விற்றார்கள். விடிந்தபோது உலகத்தின் மொத்தப் பணம் ஐந்து மடங்காகியிருந்தது. அந்தப் பணத்தில் அவர்களே புதையல் வேட்டைகள் நடத்தினார்கள் என்பதுதான் விசேஷம். பிரதியில் ஓட்டையைக் கண்டுபிடித்த வாசகன் அதன் வழியாகவே எழுதத் தொடங்கிவிட்டான்.

கொலையும் நடந்தது. அது குற்றமா, சும்மா விளையாட்டா? கருத்துக் கேட்டபோது ஜனம் சரிபாதியாகப் பிரிந்தது. நிஜ வாழ்வில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பாதிரியாராக இருந்த ஒருவர், ஆயுதம் ஏந்தக்கூடாது என்ற விதியோடு அங்கே ஒரு சபையை நிறுவினார். ஷெரீஃப் பதவிக்குத் தேர்தல் நடந்தது.

இதிலிருந்தெல்லாம் அந்த இருவரும் பெறுகிற பாடம்: மையத்திலிருந்து எல்லாவற்றையும் திட்டமிட முடியாது. சரிதான். ஆனால் பாடம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஆட்டத்துக்குள்ளே இருந்த மையம்தான் சிதைந்தது. வெளியே இன்னொரு மையம் இருந்தது: இணைப்பு, கணினிகள், கணக்குப் புத்தகம். அதன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. கொலை குற்றமா என்று கருத்துச் சொன்னவர்களுக்கு, அந்த உலகம் இருக்கலாமா கூடாதா என்பதில் ஓட்டு கிடையாது. செலவு கட்டுபடியாகாது என்றானதும் கதவு சாத்தப்பட்டது.

1988இல் அதையே சுருக்கி 'கிளப் கரீப்' என்ற பெயரில் பொதுச் சேவையாக விட்டார்கள். 1990 கட்டுரையின் கணக்குப்படி அதில் சுமார் 15,000 பேர். பெயர்களைக் கவனியுங்கள். ஹேபிடட் என்றால் வாழிடம். மற்றது உல்லாச விடுதிக்கு வைக்கிற பெயர். குடிகள் விருந்தாளிகளாக மாற்றப்பட்டார்கள். ஊர் கட்டுபடியாகவில்லை, விடுதி கட்டுபடியானது. இதை ஊரின் தோல்வி என்று எப்படிச் சொல்வது? ஊரை விலைபோட வந்த கணக்கின் தோல்வி என்றுதான் நான் சொல்வேன்.

ஹேபிடட்டின் மூலநிரல் 2016இல் பொதுவில் வெளியிடப்பட்டது. ஆர்வலர்கள் அதை மறுபடி இயக்கியும் காட்டினார்கள். தெருக்களையும் இயந்திரங்களையும் இப்படி மீட்டுவிடலாம். சண்டைபோட்டு, ஓட்டுப்போட்டு, சபை கூடிய ஜனங்களை மீட்க முடியாது. அவர்கள் நிரலில் இல்லை. இன்றைக்குப் பெருநிறுவனங்களின் தளங்களில் 'பங்கேற்பு' என்ற சொல் கொண்டாடப்படும்போதெல்லாம் எனக்கு அந்த ஷெரீஃப் தேர்தல்தான் ஞாபகம் வருகிறது. அது நிஜமான தேர்தல்தான். ஜெயித்தவரின் அதிகாரம் மின்கம்பிவரை போகவில்லை, அவ்வளவுதான்.