இளைத்த போல்ட் கேரியர்

அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிளோடு சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் பலர் மாற்றிப் பார்க்கும் பாகங்களில் ஒன்று போல்ட் கேரியர்: சேம்பரைப் பூட்டும் போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம். ராணுவ எம்16-இல் இருக்கும் கேரியர், போல்ட்டையும் சேர்த்து, ஏறத்தாழ 330 கிராம். பக்கங்களைக் கடைந்தெடுத்தோ, எஃகுக்குப் பதிலாக அலுமினியத்திலோ டைட்டானியத்திலோ செய்தோ அதை 250 கிராமுக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். உதை குறையும், குழல்முனை குதிக்காது, அடுத்த குறி சட்டென்று கண்ணில் அகப்படும் என்பது விற்பவர் வாதம். அதில் பாதி உண்மை. மறுபாதியைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும்.

யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியில் தனியாகப் பிஸ்டன் தண்டு கிடையாது. குழலிலிருந்து பிரியும் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியே கேரியருக்குள்ளேயே வந்து விரிகிறது. கேரியர் பின்னால் நகர்கிறது. சிறிது தூரம் அது மட்டும் நகர்ந்த பிறகே கேம் பின் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கும். அந்தச் சிறு தாமதத்துக்குள் குண்டு குழலை விட்டுப் போய், உள்ளே அழுத்தம் தணிந்துவிட வேண்டும். கேரியரின் எடை காவல் காப்பது இந்த இடைவெளியைத்தான்.

எடையை மட்டும் குறைத்துவிட்டு வேறெதையும் தொடாமல் விட்டால் நடப்பது விளம்பரத்துக்கு நேர்மாறு. வாயு தரும் தள்ளல் அதேதான். எடை பாதியானால் வேகம் இரட்டிப்பாகும்; பின்சுவரில் மோதும்போது கேரியரிடம் உள்ள ஆற்றலும் இரட்டிப்பாகும். பூட்டு சீக்கிரமே திறக்கிறது. பித்தளை உறை இன்னும் விரிந்து, தோட்டா அமரும் சேம்பரின் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதன் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. விளிம்பு கிழியலாம், உறை உள்ளேயே தங்கலாம். மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளி முடிப்பதற்குள் போல்ட் திரும்பி வந்து, தோட்டாவைத் தவறவிடவும் கூடும்.

ஆகவே இளைத்த கேரியர் தனியாக வேலை செய்யாது. அதோடு வாயுவைக் கூட்டிக் குறைக்கும் காஸ் பிளாக்கும், பெரும்பாலும், கேரியருக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு ஓடும் பஃபர் என்ற பாகத்தில் எடை குறைந்த ஒன்றும் சேரவேண்டும். வாயுவைக் குறைத்து, பழைய கேரியரின் வேகத்துக்கே புதியதையும் கொண்டுவந்தால், எடை குறைந்த அளவுக்கு உந்தமும் குறையும். பின்னால் போய் இடிப்பதும் முன்னால் வந்து இடிப்பதும் மென்மையாகிவிடும். போட்டியாளர் உணர்கிற சுகம் இதுதான், அது பொய்யல்ல. ஆனால் 3.6 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 990 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், அதற்கு ஈடான பின்தள்ளல் தோளுக்கு வந்தே தீரும். கேரியரை எவ்வளவு இளைக்க வைத்தாலும் அந்தக் கணக்கில் ஒரு காசு குறையாது. குறைவது அந்தத் தள்ளலின் மேல் கூடுதலாக வரும் குலுக்கல். இரண்டு குண்டுகளை அடுத்தடுத்துச் சுடுகையில் குறி எவ்வளவு அலைகிறது என்பதற்கு அந்தக் குலுக்கலும் ஒரு முக்கியக் காரணம் என்பதால், போட்டிக்களத்தில் இது பெரிய லாபம்.

நட்டம் எங்கே? உபரி இல்லாமல் போகிறது. சுத்தமான துப்பாக்கி, ஒரே வகைத் தோட்டா, மிதமான வெயில் என்று இருந்தால் தேவையான அளவு வாயு மட்டும் போதும். கரி படிந்தால், எண்ணெய் உலர்ந்தால், குளிரில் மருந்தின் வேகம் சற்றுத் தளர்ந்தால், கேரியரிடம் மிச்சம் வைத்த உந்தம் எதுவும் கிடையாது. பாதி வழியில் நின்றுவிடும். ஏகே வகைத் துப்பாக்கி இதற்கு எதிர்முனை: பிஸ்டனோடு சேர்ந்த கனமான கேரியர், தேவைக்கு அதிகமான வாயு. சேற்றையும் தூசியையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடும். அதற்குக் கொடுக்கும் விலை, குழலின் அலைச்சல். ரஷ்யர்கள் பின்னாளில் ஏகே-107-இல் எதிர்த்திசையில் ஓடும் இன்னொரு எடையை வைத்து அந்த அலைச்சலைச் சமன்செய்தார்கள். எடையைக் குறைக்காமலே குலுக்கலைக் குறைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் பாகங்கள் கூடிவிட்டன.

வியட்நாம் போரின் எம்16 அனுபவம் இந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படுகிறது. முதலில் பயன்படுத்திய ஐஎம்ஆர் வகை வெடிமருந்துக்குப் பதிலாக ராணுவம் உருண்டை மணி வடிவ வெடிமருந்துக்கு (ball powder) மாறியதும் சுடும் வேகம் நிமிடத்துக்கு 850 என்ற வரம்பைத் தாண்டியது. உறை சேம்பரில் சிக்குவது பெருந்தொல்லையானது. குரோம் பூசாத சேம்பரும், துடைக்கும் கருவிகள் போதாமையும் அதில் பங்காளிகள். 1967-இல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு மருந்து மாற்றத்தைக் கடுமையாகச் சாடியது. பொறியாளர்கள் செய்த திருத்தங்களில் ஒன்று, உள்ளே நகரும் எஃகு எடைகள் கொண்ட கனமான பஃபர். அது வேகத்தைக் குறைத்தது. கேரியர் முன்னால் மோதி எகிற முயலும்போது, உள்ளிருக்கும் எடைகள் ஒரு கணம் பிந்தி வந்து அதை அமுக்கின. கோளாறு வந்தபோது ஓடும் எடையை அவர்கள் கூட்டினார்கள், குறைக்கவில்லை.

குட்டைக் குழல் கார்பைன்களிலும் அதே பாடம். வாயுத் துளை சேம்பருக்கு அருகில் இருப்பதால் அங்கே அழுத்தம் அதிகம். அதனால்தான் 85 கிராம் பஃபரிலிருந்து, டங்ஸ்டன் நிரப்பிய 155 கிராம் பஃபர் வரை படிப்படியாகக் கிடைக்கின்றன.

போட்டிக்கென்றே ஒரு துப்பாக்கி, தோட்டாவையும் தானே தேர்ந்து, வாயுவைத் திருகித் திருகிச் சரிபார்க்கும் பொறுமை: இவை உள்ளவருக்கு இளைத்த கேரியர் நியாயமான கருவி. வேட்டைக்கோ காவலுக்கோ வைத்திருப்பவர் முழு எடைக் கேரியரில் கைவைக்காமல் இருப்பதே நல்லது. உதை கூடுதலாகத் தெரிந்தால் முதலில் வாயுவின் அளவைச் சோதிக்கட்டும், பிறகு பஃபரை மாற்றிப் பார்க்கட்டும். இரண்டும் கேரியரைவிட மலிவு.