ஸ்கேன் செய்யும் கை யாருடையது? சிறுவர் பயன்பாட்டில் ஃப்ரீஸ்டைல் லிப்ரே

உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை அழித்துவிடுவதால் வருவது முதல் வகை நீரிழிவு. மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் தாத்தா பாட்டியரிடம் பார்த்துப் பழகிய, இனிப்பு நீர் எனப்படும் இரண்டாம் வகை நீரிழிவைப் போல உணவுக் கட்டுப்பாட்டாலோ மாத்திரையாலோ இதைச் சமாளிக்க இயலாது. கண்டறியப்பட்ட நாள் முதல் இன்சுலினை வெளியிலிருந்து செலுத்தியே ஆக வேண்டும். செலுத்தும் அளவு கூடினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும், குறைந்தால் இரத்தத்தில் அமிலம் தேங்கி உயிராபத்தும் நேரக்கூடும் என்பதால், நாளொன்றுக்குப் பலமுறை சர்க்கரையின் அளவை அறிவது தவிர்க்க முடியாததாகிறது. ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்குச் சென்ற பின், காலை முழுவதும் அந்த அளவை அறிபவர் யார் என்பதே இந்த மதிப்பீட்டின் மையக் கேள்வி.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அபட் நிறுவனம் 2014இல் ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய ஃப்ரீஸ்டைல் லிப்ரே கருவியின் முதல் தலைமுறை. நான்கு வயது முதலான சிறுவர்களும் பயன்படுத்த 2016இல் அங்கு ஒப்புதல் கிடைத்தது. மதிப்பிடும் களம், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், வயல்கள் சூழ்ந்த வட செபராங் பிறையின் கெப்பாலா பத்தாஸ். மாவட்ட மருத்துவமனையும், பெர்த்தாமில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையமும் அருகிலேயே உள்ள ஊர்தான் என்றாலும், பெற்றோர் பிறை ஆலைகளிலோ பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸிலோ வேலையில் இருக்கும் நேரத்தில், பள்ளியிலிருக்கும் பிள்ளைக்கு அந்த அருகாமை பெரிதும் உதவுவதில்லை.

கருவி இரண்டு பகுதிகளைக் கொண்டது. மேற்கையின் பின்புறம் ஒட்டப்படும் உணரி 35 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள வட்டவில்லை; அதன் அடியிலிருந்து மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் சென்று, இரத்தத்தில் அல்லாமல் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தில் குளுக்கோஸை அளக்கிறது. மற்றொன்று, உள்ளங்கையில் அடங்கும் படிப்பான். உணரியை ஒட்டப் பயன்படும் செலுத்தியை அழுத்திய நொடியில் ஊசி இழையை உள்ளே விட்டுத் தானே திரும்பிவிடுவதால் வலி குறைவு. ஆயினும் ‘டக்’ என்ற அதன் ஓசைக்குப் பிள்ளைகள் துணுக்குறுவதால், வெற்றுச் செலுத்தியை முன்கூட்டியே அழுத்திக் காட்டிவிடுவது நல்லது. ஒரு மணி நேரக் காத்திருப்புக்குப் பின் உணரி 14 நாள் இயங்குகிறது. மெலிந்த கையில் வில்லை துருத்தி நிற்பதால் கதவிலும் புத்தகப்பை வாரிலும் மாட்டிப் பிய்ந்து வருவதுண்டு. வியர்வை ஓயாத இவ்வூர்த் தட்பவெப்பத்தில் மேலே கூடுதல் ஒட்டுப்பட்டை போடாமல் இரண்டு வாரத்தை எட்டுவது கடினம்.

படிப்பானை உணரியருகே கொண்டுசென்றால், சட்டைத் துணியின் மேலாகவே அளவு திரையில் தெரிகிறது. இதையே கைத்தொலைபேசிச் செயலியும் செய்யும். அளவுகளைத் தொலைவிலுள்ள பெற்றோருக்கு அனுப்பவும் செய்யும். விளம்பரங்கள் முன்னிறுத்துவதும் இந்த வசதியைத்தான். ஆனால் மலேசியப் பள்ளிகளில் மாணவர் கைத்தொலைபேசி கொண்டுவரத் தடை உள்ளது. தனி அனுமதி பெற்றாலன்றி, தொலைபேசியை நம்பிய பகிர்வு பள்ளி வாயிலோடு நின்றுவிடுகிறது. ஆகவே, பழைய பாணி என்று பலரும் ஒதுக்கும் தனிப்படிப்பானே இங்குப் பொருத்தமான தேர்வு. விளையாட்டுக்கு இடம் தராத அந்தக் கருவியைப் பறிமுதல் செய்ய ஆசிரியருக்குக் காரணமும் இல்லை, கடன் கேட்க நண்பருக்கு ஆசையும் இல்லை. விரல்நுனி இரத்தத்தில் குளுக்கோஸையும், அமிலத் தேக்கத்தின் அறிகுறியான கீட்டோனையும் அளக்கும் பட்டைகளைச் செருகும் இடமும் அதிலேயே உள்ளது.

திரையில் தெரிவன முதன்மையாக மூன்று: அப்போதைய எண், ஓர் அம்புக்குறி, கடந்த எட்டு மணி நேரத்தின் வளைகோடு. மலேசியாவில் சர்க்கரை லிட்டருக்கு மில்லிமோல் என்னும் அலகில் குறிக்கப்படுவதால் எண்கள் 3.9, 10.2 என்று தசமப் புள்ளியோடு வருகின்றன. தசமம் படியாத பிள்ளைக்கு 4.1க்கும் 4.9க்கும் உள்ள வேறுபாடு எதையும் உணர்த்துவதில்லை. அம்புக்குறி அப்படியன்று. கிடையாக இருந்தால் அளவு நிலையாக உள்ளது; சாய்ந்திருந்தால் மெல்ல மாறுகிறது; நேர் கீழாக இருந்தால் நிமிடத்திற்கு 0.1 மில்லிமோலுக்கு மேல் இறங்குகிறது, அதாவது 6.0 என்ற நலமான எண்ணிலிருந்து தாழ்நிலைக்குச் செல்ல ஏறத்தாழ இருபது நிமிடமே போதும். உடற்கல்விப் பாடத்திற்கு முன் சட்டைக் கையின்மேல் படிப்பானை வைத்துப் பார்த்து, அம்பு கீழ்நோக்கியிருந்தால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு உண்ண வேண்டும் என்பதை முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒரு வாரத்திற்குள் பழகிவிட முடியும். விரல் குத்தும் முறையில் எந்த எண்ணும் தனித்து நிற்பதால், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பெரியவரே ஊகிக்க வேண்டியிருந்தது. முடிவெடுப்பதன் முதற்படியைச் சிறுவர் கைக்குக் கொண்டுவந்ததே இக்கருவியின் உண்மையான சாதனை. கருவி தானாக ஒலிக்காமல், பிள்ளை நினைவு வைத்துத் தானே பார்த்தாக வேண்டும் என்ற அமைப்பும், குறைபாடாகவே பேசப்பட்டாலும், கற்றலின் நோக்கில் பயனுடையது. எச்சரிக்கை மணிக்குப் பழகிய பிள்ளை மணிக்காகவே காத்திருக்கும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை மிகையான நம்பிக்கை கூடாது. நான்கு முதல் பதினேழு வயதுவரையுள்ளோரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, விரல்நுனி இரத்த அளவிலிருந்து உணரியின் சராசரி விலகல் 13.9 விழுக்காடு என்று கண்டது. 12.0 என்ற அளவில் இது பெரிதன்று, 4.0 அருகிலோ சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதையே மாற்றிவிடும். மேலும், இடைநீர்மம் இரத்தத்தைவிட ஐந்து முதல் பத்து நிமிடம் பின்தங்குகிறது. தாழ்நிலையில் எடைக்கேற்ப, கிலோவுக்கு 0.3 கிராம் என்ற கணக்கில், 20 கிலோ எடையுள்ள பிள்ளை 6 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டபின் இரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்கினாலும் திரை இன்னும் தாழ்வையே காட்டும். அதைக் கண்டு பதறி மேலும் மேலும் இனிப்பு கொடுத்தால் சிறிது நேரத்தில் அளவு எல்லை மீறி எகிறிவிடும். எனவே பதினைந்து நிமிடம் கழித்துச் செய்யும் மறுசோதனையை விரல்நுனியில் செய்வதே முறை. தலைசுற்றல், நடுக்கம், வியர்வை முதலிய அறிகுறிகள் திரையோடு ஒத்துப்போகாதபோதும் அவ்வாறே. ‘திரை சொல்வதைவிட உடம்பு சொல்வதை முதலில் கேள்’ என்று பிள்ளைக்குக் கற்பிக்க எந்தக் கருவியும் உதவாது.

உணவுக் கணக்கிலும் பிள்ளையால் தனித்துச் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. மாவுச்சத்தை 15 கிராம் கொண்ட பங்குகளாக எண்ணி, அதற்கேற்ப இன்சுலின் அளவை வகுப்பது மலேசிய உணவியலாளர் கற்பிக்கும் முறை. ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ மூன்று பங்கு. சிற்றுண்டிச்சாலைப் பலகாரம் ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்பதைப் படம் வரைந்த அட்டையிலிருந்து பிள்ளை கண்டுபிடிக்கலாம், அதைத் தொடர்ந்து வரும் வகுத்தலும் திருத்தமும் பெரியவர் வேலை. சிறுவருக்கு அரை அலகு வேறுபாடும் பெரிது என்பதால், அரை அலகாகத் திருகக்கூடியதும் கடைசி ஊசியின் அளவையும் அதன்பின் கழிந்த மணிகளையும் காட்டுவதுமான நோவோபென் எக்கோ போன்ற பேனாவை இக்கருவியோடு சேர்த்துக்கொள்வது பயன்தரும். அறிமுகத்தின்போது தயாரிப்பாளர் வகுத்த பயன்பாட்டு வரையறையே, நான்கு முதல் பன்னிரண்டு வயதுக்குள் பதினெட்டு நிறைந்த ஒருவரின் மேற்பார்வை வேண்டும் என்கிறது. அது சட்டப் பாதுகாப்புக்காக எழுதிய வரியாகத் தோன்றினாலும் நடைமுறைக்கும் அதுவே சரி.

இரவுதான் இக்கருவியின் பெருங்குறை. உணரி எட்டு மணி நேரப் பதிவை மட்டுமே வைத்திருக்கும். ஏழரை மணிப் பள்ளிக்காக ஐந்தரைக்கு எழும் பிள்ளை எட்டரைக்குப் படுத்தால் முதல் ஒரு மணி நேரத்தின் பதிவு காணாமற்போகும். அதனினும் மோசம், உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் முதல் தலைமுறைக் கருவி ஒலிப்பதே இல்லை. பகலில் நல்லாசிரியராக விளங்கும் அதே மௌனம் இரவில் ஆபத்தாகிறது. எச்சரிக்கை ஒலியுள்ள இரண்டாம் தலைமுறை 2018இல் ஐரோப்பாவில் வந்ததன் காரணம் இதுவே. ஒருக்களித்துப் படுத்து உணரியை அழுத்தினால் பொய்யான தாழ்வும் பதிவாகும் என்பதால், இரவில் வரும் எண்ணை விரல்நுனியில் ஒருமுறை சரிபார்த்த பின்னரே பிள்ளையை எழுப்பி இனிப்பு ஊட்ட வேண்டும். மயங்கிய நிலை தெரிந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல், வாயில் எதையும் ஊட்டாமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

விலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைக் காணும் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. உணரியையோ பெரும்பாலான குடும்பங்கள் மருந்தகத்தில் சொந்தப் பணத்தில் வாங்குகின்றன. ஒன்று 200 ரிங்கிட்டுக்கு மேல், மாதத்திற்கு இரண்டு; 2025இல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியத்தில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆண்டு முழுவதும் அணிய இயலாத குடும்பம், நோய் கண்டறியப்பட்ட முதல் மாதங்களிலும், பள்ளி தொடங்கும் வாரங்களிலும், இன்சுலின் அளவு மாற்றப்படும் காலத்திலும் மட்டும் அணிவித்து, இடைக்காலத்தில் விரல்நுனிச் சோதனைக்குத் திரும்பலாம். உணவும் ஓட்டமும் அம்பை எப்படித் திருப்புகின்றன என்பதை ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளைக்கு, பட்டை காட்டும் தனி எண்ணும் முன்போல் ஊமையாக இருப்பதில்லை. எச்சரிக்கை ஒலியுள்ள தலைமுறை கிடைத்து, அதற்கான வசதியும் இருந்தால் அதையே வாங்க வேண்டும். அப்போதும் பகலில் ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவது எப்படி என்பதை மருத்துவக் குழுவிடம் கேட்டறிந்து, பார்க்கும் பொறுப்பைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவைக்க வேண்டும்.