அண்ணாச்சி கதையும் ஜீவஜோதி வழக்கும்

சரவண பவன் ராஜகோபாலின் கதையைத் தமிழில் யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. தூத்துக்குடிப் பக்கம் புன்னையடி என்ற சின்னக் கிராமம். ஓட்டலில் மேசை துடைத்த பையன். சென்னையில் மளிகைக் கடை. 1981-இல் கே.கே. நகரில் முதல் ஓட்டல். அப்புறம் வெளிநாடுகளில் கிளைகள். அதற்குப் பின் ஒரு ஜோசியர், ஒரு பெண், ஒரு கொலை. கடைசியில், "எப்படி இருந்த மனுஷன்!" என்று ஒரு பெருமூச்சு. எங்கள் சின்னசேலத்து டீக்கடையிலும் இதைக் கேட்டிருக்கிறேன், ஐடி கம்பெனி கேன்டீனிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிற ஆள் மாறலாம், கதாநாயகன் மாறுவதில்லை. கதையின் முதல் பாதியை அவரே 1997-இல் 'வெற்றி மீது ஆசை வைத்தேன்' என்ற தன்வரலாறாக எழுதிவிட்டார். மீதியை நாம் அதே தொனியில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் அந்த வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டுக்குப் பின் 1947-இல் விடுதலையானார்கள். இன்றைக்கும் அதை பாகவதர் வீழ்ந்த கதையாகத்தான் சொல்கிறோம். அவர்கள் மேல் அனுதாபம் வருவது நியாயம்தான். ஆனால் அப்படியென்றால் கொன்றது யார் என்ற கேள்வி கதையிலிருந்தே காணாமல் போய்விட்டது. பெரிய மனிதர் ஒருவர் உள்ளே வந்துவிட்டால், செத்துப்போனவர் நம் கதைகளில் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்.

அதனால்தான் இந்த வழக்கை, 2019 மார்ச் 29-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் வழியாக வாசிக்க வேண்டும் என்கிறேன். மென்பொருள் வேலையில் சர்வர் விழுந்தால் முதலில் லாக்கைத் திறப்போம். யார் நல்லவர் என்று அதில் இருக்காது. எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று மட்டும் இருக்கும். தீர்ப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஜீவஜோதி, சரவண பவனில் வேலை பார்த்த ஒருவரின் மகள். பிரின்ஸ் சாந்தகுமாரைக் காதலித்து 1999-இல் மணந்தார். இருவரும் டிராவல்ஸ் தொடங்க ராஜகோபால் பணம் கொடுத்தார். உதவி பரிசானது, பரிசு வற்புறுத்தலானது. கணவரை விட்டுவிட்டுத் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார். அவர் மறுத்தார். 2001 அக்டோபர் 1, முதல் கடத்தல். அக்டோபர் 12, போலீசில் புகார். அக்டோபர் 18, மறுபடி கடத்தல். அக்டோபர் 31, கொடைக்கானல் டைகர் சோலைக் காட்டில் சாந்தகுமாரின் உடல்.

பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஆறே நாள். புகார் கொடுத்த பிறகும் அந்தத் தம்பதியைத் தூக்கிக்கொண்டு போக முடிந்திருக்கிறது. செல்வாக்கு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது.

'அண்ணாச்சி' என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். தொழிலாளர்களுக்கு வீடு, வைத்தியம், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அவர் செய்தது உண்மை. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்து ஓட்டல் தொழிலில் அது பெரிய விஷயம். ஆனால் முதலாளி அண்ணனாகிவிட்டால் சம்பளம் கடனாகிவிடுகிறது, கடனுக்கு வட்டி விசுவாசம். இந்த வழக்கில் அவரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் அவரிடம் வேலை பார்த்தவர்களும் உண்டு. ஜோசியரை மட்டும் வில்லனாக்கும் கதை இதைப் பார்ப்பதே இல்லை. ஜோசியர் ஆசையைத்தான் தூண்டியிருக்க முடியும். ஆட்களை அனுப்பியது நிறுவனத்துக்குள் இருந்த அந்த உறவுமுறை.

நேரில் கண்ட சாட்சி இல்லாத, சூழ்நிலைச் சாட்சியங்களால் கோக்கப்பட்ட வழக்கு இது. 2004-இல் பூந்தமல்லி நீதிமன்றம் இதை 'கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்' என்றது. பத்து ஆண்டு தண்டனை, 55 லட்சம் அபராதம், அதில் 50 லட்சம் ஜீவஜோதிக்கு. 2009-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றி, இது கொலைதான் என்று ஆயுள் தண்டனை விதித்தது. நடந்தது ஒன்றுதான். அதற்குச் சரியான பெயர் கிடைக்க ஐந்து வருஷம். அந்தப் பெயரை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய இன்னும் பத்து வருஷம். 2019 ஜூலை 9 அன்று ஆம்புலன்ஸில், ஆக்சிஜன் முகமூடியோடு ராஜகோபால் சரணடைந்தார். ஜூலை 18-இல் இறந்தார்.

2022 ஜூலையில் சின்னசேலத்தை ஒட்டிய கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்து, போராட்டம் கலவரமாகிப் பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. அந்த மரணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. விசாரணை முடியும் முன்பே ஊரில் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியத்தைப் பற்றி மட்டும்: "காசு இருக்கறவன் தப்பிச்சிருவான்." இப்படி ஒரு வாக்கியம் ஜனங்கள் வாயில் இவ்வளவு சுலபமாக வருவதற்குப் பதினெட்டு வருஷம் இழுக்கும் வழக்குகளும் ஒரு காரணம். ஆனாலும் இந்த வாக்கியத்துக்கும் "விதி அண்ணாச்சியைக் கவுத்துருச்சு" என்ற வாக்கியத்துக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. முதலாவதில் பணம் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது, இரண்டாவதில் கிரகம். இரண்டிலுமே புகார் எழுதிக்கொடுத்தவருக்கும், கூண்டேறிச் சாட்சி சொன்னவருக்கும் இடம் கிடையாது. ஒரு பெண் "முடியாது" என்று சொன்னதும், அதைப் போலீசிலும் கோர்ட்டிலும் போய்ச் சொன்னதும் இல்லையென்றால் இந்த வழக்கே இல்லை.

அன்று பத்திரிகைகள் 'ஜீவஜோதி வழக்கு' என்றே எழுதின. பெயர் அவருடையதாக இருந்தது, கதை அவருடையதாக இல்லை. அவருடைய வாழ்க்கைக்கான உரிமையை வாங்கிய ஜங்கிலி பிக்சர்ஸ், 2022-இல் த.செ. ஞானவேல் இயக்கத்தில் ஒரு படத்தை அறிவித்தது. வைத்த தலைப்பு 'தோசா கிங்'. உரிமையை வாங்கியது அவரிடம், மகுடம் வைத்தது இவருக்கு.

ஜீவஜோதியின் பெயராவது மிஞ்சியது. பிரின்ஸ் சாந்தகுமார் இந்தக் கதைகளில் 'அந்தப் பொண்ணோட புருஷன்' மட்டும்தான். அவர் ஒரு டியூஷன் வாத்தியார். கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.