நினைவுக்கும் ஆண்டு உண்டு
பிரித்தானிய நகரசபைக் குடியிருப்புகளின் பிள்ளைப்பருவ எழுத்துகள் பற்றிய ஒரு நோக்கு

பிள்ளைப்பருவ நினைவுகளை எழுத முற்படுவோர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே தொடங்குவர். முற்றம், கிணற்றடி, பாட்டியின் அறை என விரியும் அந்நினைவுகளில் வீடானது குடும்பத்தின் உடைமையாக, தலைமுறைகளின் அடையாளமாக நிற்கும். ஆனால் அவ்வீடு நகரசபையினாற் கட்டப்பட்டு, நகரசபைக்கே வாடகை செலுத்தப்பட்டு, கதவின் நிறங்கூட நகரசபையினால் தீர்மானிக்கப்பட்ட ஒன்றாயின், அங்கு வளர்ந்த பிள்ளையின் நினைவு எத்தகையதாக அமையும்? இருபதாம் நூற்றாண்டுப் பிரித்தானிய வாழ்வின் பெரும்பகுதி இவ்வினாவினுள் அடங்கும். 1970களின் முடிவில் அந்நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் உள்ளூராட்சி மன்றங்களின் வாடகைக் குடியிருப்பாளராகவே இருந்தனர். அத்தகைய வீட்டிற்கு ஏங்கியும், அதில் வளர்ந்தும் எழுத்தாளரான மூவரின் ஆக்கங்களை ஒப்புநோக்கி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொல் விளக்கம் அவசியமாகின்றது. ‘எஸ்டேட்’ என்றவுடன் நம் நாட்டு வாசகருக்குத் தேயிலைத் தோட்டமும் லயன் காம்பராக்களுமே நினைவுக்கு வரும். பிரித்தானிய வழக்கில் அச்சொல், நகரசபை ஒரே திட்டமாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளின் தொகுதியையும் குறிக்கும். தோட்டத்து லயனில் வீட்டுக்காரரும் வேலை கொடுப்பவரும் ஒருவரே. நகரசபைக் குடியிருப்பிலோ வீட்டுக்காரர் எனப்படுவது, குடியிருப்பாளரும் வாக்களித்துத் தெரிவுசெய்யும் சபையாகும். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாவிடின் கீழே எடுத்தாளப்படும் ஆக்கங்களின் உள்ளோட்டம் புலப்படாது.

வரலாற்றுப் பின்னணி

இலண்டன் கவுண்டி சபை ஷோர்டிச் பகுதியிலிருந்த ஒரு சேரியை இடித்துக் கட்டிய பவுண்டரி குடியிருப்பு 1900இல் திறந்துவைக்கப்பட்டது. இடிக்கப்பட்ட சேரியில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்திருந்தும் அவர்களுள் மிகச் சிலருக்கே புதிய வீடுகள் கிட்டின. வாடகையைச் செலுத்தக்கூடிய தொழிலாளரே அங்கு குடியேறினர். முதலாம் உலகப் போரின் பின்னர் 1919ஆம் ஆண்டுச் சட்டம், அரச மானியத்துடன் வீடமைக்கும் பொறுப்பை நகரசபைகளிடம் ஒப்படைத்தது. 1921 முதல் 1935 வரையில் டகனம் பகுதியிற் கட்டப்பட்ட பெக்கன்ட்ரி குடியிருப்பு ஏறத்தாழ 26,000 வீடுகளைக் கொண்டது. குளியலறையும் தோட்டமும் அமைந்த அவ்வீடுகள் நிலையான வருவாயுடைய உழைப்பாளரின் பெருமைக்குரிய இருப்பிடங்களாக விளங்கின.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் எண்ணிக்கையே குறிக்கோளாயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடம் உயர உயர மானியத்தையும் உயர்த்தியது. மாடிக் கோபுரங்கள் பெருகின. 1968 மே 16ஆந் திகதி கிழக்கு இலண்டனில் ரோனன் பொயின்ற் எனும் 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை எரிவாயு வெடிப்பினாற் சரிந்து நால்வர் மாண்டபோது, அக்கோபுரங்கள் மீதிருந்த நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. வீடற்றோருக்கு இடமளிக்கும் கடமையை 1977ஆம் ஆண்டுச் சட்டம் சபைகள் மீது சுமத்தியது. வாடகையாளர் தம் வீட்டைக் கழிவு விலையில் வாங்கும் உரிமையை 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. வசதி படைத்தோர் நல்ல வீடுகளை வாங்கினர். இங்கிலாந்தில் மட்டும் காலப்போக்கில் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் இவ்வாறு விற்பனையாயின. வேறு போக்கற்றோர் எஞ்சிய வீடுகளில் எஞ்சினர். ஒரு தலைமுறையின் பெருமை மறு தலைமுறையின் வடுவாக மாறியமைக்குக் குடியிருப்பாளரின் குணக்கேடு காரணமன்று. வீடுகளைப் பங்கிட்ட முறைமையே அடிப்படைக் காரணமாகும்.

எனவே, நகரசபைக் குடியிருப்பின் பிள்ளைப்பருவம் எனப் பொதுவான ஒன்று இல்லை. 1930இன் பிள்ளையும் 1985இன் பிள்ளையும் ஒரே வகை வீட்டில் வாழ்ந்திருப்பினும் ஒரே சமுதாய இடத்தில் வாழவில்லை. இவ்வுண்மையை மறந்து வாசிப்போர், ஒன்றில் ‘அக்காலத்தில் அனைவரும் ஒற்றுமையாக வாழ்ந்தோம்’ என்ற ஏக்கத்தில் மயங்குவர். அன்றேல் ‘அங்கு வளர்ந்தோர் அப்படித்தான்’ என்ற இகழ்ச்சியிற் சாய்வர். இரண்டுமே நினைவை அதன் ஆண்டிலிருந்து பிரித்தெடுப்பதன் விளைவுகளாம்.

ஏங்கியவரின் நினைவு

அலன் ஜோன்சன் எழுதிய ‘திஸ் போய்’ எனும் தன்வரலாறு 2013இல் வெளிவந்தது. 1950இற் பிறந்து, தபாற்காரராகத் தொழில் புரிந்து, பின்னர் தொழிற் கட்சி ஆட்சியில் உள்நாட்டு அமைச்சராக உயர்ந்தவர் இவர். நூல் சித்திரிப்பது நகரசபைக் குடியிருப்பை அன்று; அதனை அடையாதிருந்த நிலையையே. வட கென்சிங்டனில் சௌதம் வீதியில், மனிதர் வாழத் தகுதியற்றவை என 1930களிலேயே கணிக்கப்பட்ட வீடொன்றின் அறைகளில் தாயும் இரு பிள்ளைகளும் வாழ்கின்றனர். தனக்கென ஒரு முன்கதவுடைய நகரசபை வீடே அத்தாயின் வாழ்நாட் கனவு. 1964இல் அவர் இறக்கின்றார், கனவு கைகூடவில்லை. பதினாறு வயதான மூத்த மகள் அதிகாரிகளுடன் வாதாடி, தம்பியையும் தன்னையும் பிரித்துவிடாது பட்டர்சீயில் ஒரு நகரசபை வீட்டைப் பெற்றுக்கொள்கின்றாள்.

இந்நூலின் சிறப்பு அதன் அடக்கமாகும். தன்னிரக்கம் எங்கும் தலைகாட்டவில்லை. ஆசிரியர் தம்மைக் கதாநாயகனாக்காது தாயையும் தமக்கையையுமே முன்னிறுத்துகின்றார். ஆயினும் இவ்வடக்கமே ஒருவகைக் குறையாகவும் அமைகின்றது. 1930களில் தகுதியற்றதெனத் தீர்ப்பளிக்கப்பட்ட வீட்டில் 1950களிலும் பிள்ளைகள் வளர நேர்ந்தமைக்கு யார் பொறுப்பு என்ற வினாவைக் கதையோட்டத்தின் இனிமை பின்தள்ளிவிடுகின்றது. அமைச்சராக இருந்த ஒருவரிடமிருந்து வாசகன் அவ்விடையைச் சற்று உரத்த குரலில் எதிர்பார்ப்பதில் தவறில்லை. எனினும், நகரசபை வீடு ஒரு காலத்தில் எத்துணை பெரிய விடுதலையாகக் கருதப்பட்டது என்பதற்கு இதனினும் நேரான சான்றினைக் காண்பதரிது.

வெளியேறியவரின் நினைவு

லின்சி ஹான்லியின் ‘எஸ்டேட்ஸ்’ 2007இல் வெளியாயிற்று. 1976இற் பிறந்த இவர் வளர்ந்த செல்ம்ஸ்லி வூட், பேர்மிங்காம் நகரசபை தன் எல்லைக்கு அப்பால் 1960களின் பிற்பகுதியிலிருந்து கட்டியெழுப்பிய குடியிருப்பாகும். 15,000க்கு மேற்பட்ட வீடுகள் சில ஆண்டுகளுக்குள் எழுந்தன. ஜோன்சனின் தாய் கனவு கண்ட முன்கதவு ஹான்லிக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. ஆனால் அக்கதவினூடாக அவர் கண்டது விடுதலையை அன்று, ஒதுக்கத்தையே. நகரத்திலிருந்தும் நல்ல பாடசாலைகளிலிருந்தும், பிறரின் மதிப்பிலிருந்தும் ஒதுக்கப்பட்ட பிள்ளையின் மனத்துள்ளே ஒரு மதில் எழும்புகின்றது என்பது அவரது மையக் கருத்து. குடியிருப்பை விட்டு நீங்கிய பின்னரும் அம்மதில் நீங்குவதில்லை.

தன்வரலாற்றையும் வீடமைப்பு வரலாற்றையும் ஒரே நூலிற் பின்னியமை இவரது தனிச்சிறப்பாகும். தம் மனத்தாங்கலைத் தனிமனித உணர்வாக விட்டுவிடாது, சட்டங்களிலும் மானியங்களிலும் கட்டட முறைகளிலும் அதன் வேரைத் தேடுகின்றார். நினைவுக்கு ஆண்டைக் கொடுப்பது என நாம் கூறுவது இதனையே. இவ்விடத்தில் றிச்சட் ஹொகாட்டின் நினைவு எழுவது இயல்பு. லீட்ஸ் நகரின் தொழிலாளர் பகுதியில் வளர்ந்த அவர், 1957இல் வெளியான ‘த யூசஸ் ஒவ் லிற்றரசி’ எனும் நூலில், புலமைப்பரிசில் பெற்று உயர்ந்த பிள்ளை தான் பிறந்த வர்க்கத்திலும் சென்றடைந்த வர்க்கத்திலும் ஒட்டாது தவிக்கும் நிலையை ஆராய்ந்தார். ஹான்லி அம்மரபின் வாரிசு எனலாம். ஆனால் அம்மரபின் இடர்ப்பாடும் அவரைத் தொடர்கின்றது. மதிலைத் தாண்டியவரே மதிலைப் பற்றி எழுதுகின்றார். ஆதலின், தாண்டாது அங்கேயே வாழ்ந்து, மணமுடித்து, அயலவருடன் கொண்டுங் கொடுத்தும் வாழ்வோர் அவர் எழுத்திற் சிறைப்பட்டோராகவே தோற்றமளிக்கின்றனர். அவர்களுக்கும் அம்மதில் அதே உயரத்திற் தெரிகின்றதா என்பது கேட்கப்படாத கேள்வியாகவே நின்றுவிடுகின்றது.

வெளியேறாதவரின் குரல்

அக்கேள்விக்கு விடை தேடுவோர் அன்ட்றியா டன்பாரிடம் வருதல் வேண்டும். பிறட்போட் நகரின் பட்டர்ஷோ குடியிருப்பில் வளர்ந்த இவர், பதினைந்து வயதிற் பாடசாலைப் பயிற்சியாக எழுதத் தொடங்கிய நாடகம் ‘த ஆர்பர்’. தாம் வாழ்ந்த பிறபர்ட்டன் ஆர்பர் எனும் தெருவின் பெயரையே நாடகத்திற்கு இட்டார். 1980இல் இலண்டன் றோயல் கோட் அரங்கில் அது மேடையேறியது. புகழ் வந்த பின்னரும் டன்பார் பட்டர்ஷோவை விட்டு நீங்கவில்லை. 1990இல், 29ஆம் வயதில், அந்நகரிலேயே காலமானார்.

இந்நாடகத்தில் நினைவுகூரல் இல்லை. நிகழ்வதை நிகழும்போதே எழுதியவருக்கு நினைவு எதற்கு? கருவுற்ற பள்ளிச் சிறுமி, குடிக்கும் தந்தை, பாகிஸ்தானியர் மீதான நிறவெறுப்பு யாவும் விளக்கமோ தீர்ப்போ இன்றி, அப்பகுதியின் பேச்சுமொழியில், வசைச்சொற்கள் உட்பட, நம்முன் வைக்கப்படுகின்றன. நாயகிக்குப் பெயர்கூட இல்லை. ‘பெண்’ என்றே குறிக்கப்படுகின்றாள். நகைச்சுவையோ ஊற்றெடுக்கின்றது. இரக்கப்படுவதற்கென வந்து அமர்ந்த பார்வையாளனுக்கு இந்நகைச்சுவை இடமளிப்பதில்லை. ஜோன்சனிடமும் ஹான்லியிடமும் கிட்டாத ஒன்று இங்கு கிட்டுகின்றது: குடியிருப்பு தன்னைத்தானே பேசுகின்றது.

எனினும், உள்ளிருந்து பேசுவதனாலேயே ஓர் ஆக்கம் முழு உண்மையாகிவிடும் எனக் கொள்வதும் பொருந்தாது. முதலாவதாக, பட்டர்ஷோவின் பேச்சைக் கேட்டு நகைத்தோர் இலண்டன் அரங்கின் பார்வையாளர். வறியோரின் வாழ்வு வசதியுள்ளோரின் காட்சிப்பொருளாகும் ஆபத்தை எழுத்தாளரின் நேர்மை ஒன்றே தடுத்துவிடாது. இரண்டாவதாக, உள்ளே இருப்பவருக்கும் அருகிலிருப்பது மறைந்துவிடுதல் உண்டு. கிளியோ பாணாட் 2010இல் இதே பெயரில் எடுத்த திரைப்படம் இதற்குச் சான்று. டன்பாரின் குடும்பத்தினரும் அயலவரும் கூறியவற்றை ஒலிப்பதிவு செய்து, அக்குரல்களுக்கு நடிகர் வாயசைக்கும் உத்தியை அவர் கையாண்டார். நாடகக் காட்சிகளை அத்தெருவின் புற்றரையிலேயே நடிக்கச் செய்தார். அதிலே டன்பாரின் மூத்த மகளின் பிள்ளைப்பருவ நினைவு ஒலிக்கின்றது. அது தாயின் மீதான கசப்பாகவே ஒலிக்கின்றது. தெருவின் உண்மையை அஞ்சாது எழுதிய பேனை, தன் வீட்டுப் பிள்ளையின் துயரை எழுதவில்லை. ஒரே குடியிருப்பு, இரு தலைமுறைகள், இரு பிள்ளைப்பருவங்கள். மகளின் காலத்தில் போதைப்பொருளும் வேலையின்மையும் அத்தெருக்களை மேலும் சிதைத்திருந்தன என்பதையும் இங்கு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

மதிப்பீடு

மூவருள் யார் உண்மையைக் கூறினார் எனக் கேட்பது பயனற்றது. ஜோன்சனின் தாய் ஏங்கிய கதவும், ஹான்லியை ஒடுக்கிய மதிலும், டன்பார் நகைத்துக் காட்டிய தெருவும் ஒரே வீடமைப்பு வரலாற்றின் வெவ்வேறு கட்டங்கள். ஏக்கம், வெட்கம், சினம் ஆகிய உணர்வுகளைத் தனிமனித மனநிலைகளாக மட்டும் ஆராயும் விமரிசனம் அரைவழியே செல்லும். அவ்வுணர்வுகள் எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் நிழலிற் பிறந்தன என்பதையும் தேடும் விமரிசனமே முழுமை பெறும். இவ்வளவுகோலின்படி, கலைநயத்தில் டன்பாரும் வரலாற்று நோக்கில் ஹான்லியும் முன்நிற்கின்றனர். ஜோன்சனின் நூல் அவ்விருவருக்கும் முன்னுரையாக வாசிக்கத்தக்கது. அவரது தாயின் ஏக்கத்தை அறியாதவர் ஹான்லியின் ஏமாற்றத்தின் ஆழத்தை அறியார்.

இது இலக்கிய இரசனை சார்ந்த பிரச்சினை மட்டுமன்று. ஜோன்சன் வளர்ந்த அதே வட கென்சிங்டனில், 2017 யூன் 14ஆந் திகதி, கிறென்பெல் எனும் நகரசபை மாடிக் கோபுரம் தீப்பற்றி 72 பேர் மாண்டனர். தீப்பாதுகாப்புப் பற்றிய தம் முறைப்பாடுகள் செவிமடுக்கப்படவில்லை என அங்கு வாழ்ந்தோர் கூறினர். குடியிருப்பாளரைப் பற்றிப் பிறர் புனைந்த சித்திரமே வலுப்பெற்றுள்ள சமுதாயத்தில் அவர்களது முறைப்பாட்டுக்குச் செவி கிடைப்பது கடினம். அச்சித்திரத்தை மறுக்கும் ஆற்றல் அங்கு வளர்ந்தோரின் எழுத்துக்கு உண்டு. ஆனால் அவ்வெழுத்தும் வெளியேறியோரின் வெற்றிக்கதையாக மட்டும் சுருங்குமாயின், வெளியேறாதோர் மீண்டுமொருமுறை ஊமையராக்கப்படுவர். எனவே, இத்தகைய நூலொன்றைக் கையிலெடுக்கும் வாசகன், எழுதியவர் எவ்வளவு துன்புற்றார் என்பதோடு நின்றுவிடாது, எந்த ஆண்டின் வீட்டை, எங்கிருந்து எழுதுகின்றார், அவ்வீட்டில் இன்னும் இருப்போருக்கு அவ்வெழுத்தில் வாய் உண்டா என்பனவற்றையும் கேட்பானாக.